துப்பாக்கிக்குக் கிடைக்கும் ரசீது பட்டு நூலுக்கும் வேண்டும்

பட்டு வரும் சாலைகளில் பணியாற்றும் தேர்தல் பறக்கும் படையினருக்கும், நிலைக் கண்காணிப்புக் குழுவினருக்கும், அவர்களுக்கு மேலுள்ள அதிகாரிகளுக்கும் கைச்சாயப் பட்டறைக்காரர்களின் வணக்கம்.

50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம், 10,000 ரூபாய்க்கு மேல் பரிசுப் பொருள் என்ற கணக்கெல்லாம் உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. சேலை மூட்டையைச் சந்தேகப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் சாயம் போட்ட நூலை எந்தக் கட்சியும் வீடு வீடாகக் கொடுத்து ஓட்டுக் கேட்டதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை. வாங்குகிறவர் வீட்டில் தறியும் வேண்டுமே!

போன தேர்தலின்போது ஒரு சோதனைச் சாவடியில் நள்ளிரவில் நூல் மூட்டை பிரிக்கப்பட்டது. உள்ளே பணம் இருக்கிறதா என்று பார்க்கச் சிட்டத்தின் (வளையமாகச் சுற்றிய நூல் கொத்தின்) கட்டுகளைக் கத்தரித்துவிட்டார்கள். என்ன கெட்டது என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஒரு கிலோ கச்சாப் பட்டைக் கால் கிலோ சோப்பும் கொஞ்சம் சோடாவும் போட்டுக் காய்ச்சினால் பசை கழன்று 750, 800 கிராம்தான் மிஞ்சும். அதன் பிறகுதான் சாயம். இளஞ்சூட்டில் நூலை இறக்கி, சூட்டை மெல்ல ஏற்றி, கொதிக்கவிடாமல் 85, 90 டிகிரியில் நிறுத்தி, அசிட்டிக் அமிலத்தைப் பிரித்துப் பிரித்து ஊற்ற வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். அத்தனை நேரமும் கோலில் மாட்டிய சிட்டத்தை இரண்டு பேர் எதிரெதிரே நின்று திருப்பிக்கொண்டே இருப்பார்கள். கை நின்றால் கோல் பட்ட இடம் வெளுத்துப் போகும்.

இன்றைக்குத் தொட்டியில் வந்த அரக்குச் சிவப்பு, அதே அளவில் அதே சாயம் போட்டாலும் நாளைக்கு அப்படியே வராது. தண்ணீர் மாறும், அடுப்புச் சூடு மாறும். அதனால்தான் தொட்டிவாரியாகச் சீட்டுக் கட்டி அனுப்புகிறோம். இரண்டு தொட்டி நூலை டார்ச் வெளிச்சத்தில் ஒரே குவியலாகப் போட்டால், எது எதனுடையது என்று உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. தறியில் ஏறிய பிறகு தெரியும். பகல் வெளிச்சத்தில் சேலையின் உடல் முழுக்கக் கோடு விழுந்திருக்கும். தறியில் நீளவாக்கில் ஏற்றும் ஒரு பாவில் மூன்று சேலை, மூன்றும் போச்சு.

கட்டு அறுந்த சிட்டத்தின் கதி இன்னும் மோசம். மூன்று நான்கு இடத்தில் போட்டிருக்கும் அந்த நூல்கட்டுதான் இழைகளை வரிசையில் வைக்கிறது. அது போனால் நுனி கிடைக்காது. ராட்டையில் மாட்டினால் பத்துச் சுற்றுக்கு ஓர் அறுப்பு. நூல் சுற்றும் பெண்களுக்குக் கூலி எடையைப் பார்த்துத்தான், அறுப்பைப் பார்த்து இல்லை.

இனி ரசீது. தேர்தல் வந்தால் உரிமம் உள்ள துப்பாக்கிகளையும் வாங்கி வைக்கிறீர்கள். நல்ல ஏற்பாடுதான், துப்பாக்கி நடமாடுகிற ஊரில் ஓட்டுச்சாவடிக்கு யார் நிம்மதியாகப் போவார்கள்? ஒப்படைத்தவருக்கு ரசீது உண்டு. யார் ஒப்படைக்க வேண்டும், யாருக்கு விலக்கு என்று பார்க்க ஒரு குழுவும் உண்டு. துப்பாக்கி எண்ணெய் பூசிய இரும்பு, மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்தாலும் கெடாது. அன்று சாவடியில் பிடித்து வைத்த பட்டுக்குத் தந்த ரசீதில் இருந்ததோ 'நூல் மூட்டை 1' மட்டும். நிறம் இல்லை, சிட்ட எண்ணிக்கை இல்லை, எடை இல்லை. பட்டு காற்றின் ஈரத்தைக் குடிக்கும். 10 கிலோவில் சில நூறு கிராம் ஏறும், இறங்கும். எடுத்த அன்றைய எடை எழுத்தில் இல்லாவிட்டால், திரும்பி வரும்போது குறைந்தது ஈரமா, நூலா என்று யாரிடம் கேட்பது? சுடுகிற பொருளுக்கு இருக்கும் மரியாதையில் பாதியாவது உடுத்துகிற பொருளுக்குத் தரக் கூடாதா?

'பில் எங்கே' என்பது அடுத்த கேள்வி. சாயம் போடுகிறவர் நூலுக்குச் சொந்தக்காரர் இல்லை, கூலிக்கு வேலை செய்கிறவர். அவரிடம் விற்பனை பில் இருக்காது, டெலிவரி சலான்தான் இருக்கும். ஜிஎஸ்டியில் அதற்கு இடம் உண்டு. இதைச் சாவடிக்குச் சாவடி விளக்கியே எங்கள் முகூர்த்த சீசன் முடிந்துவிடுகிறது. பெட்டி பெட்டியாகப் பணம் கொண்டுபோகிறவர்கள் எந்தச் சாலையில் போகிறார்களோ, அந்தச் சாலையில் நூல் வண்டி போவதில்லை போலிருக்கிறது.

கோபத்தில் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். சோதனை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சிட்டத்தின் கட்டுகளை அறுக்காமலே பார்க்கலாம். கையைத் துடைத்துக்கொண்டு, சிட்டத்தை இரண்டு முன்கையிலும் வளையமாக மாட்டி விரித்து, ஓர் உதறு உதறுங்கள். ஒற்றை நோட்டு இருந்தாலும் கீழே விழும். நிறுத்தி வைப்பதானால் தொட்டிச் சீட்டில் உள்ள எண், நிறம், சிட்டக் கணக்கு, எடை நான்கையும் ரசீதில் எழுதிக் கொடுங்கள். ஒவ்வொரு தொட்டி நூலையும் தனித்தனித் துணியில் கட்டி, வெயில் படாமல், தரையில் போடாமல் வையுங்கள். பிடித்து வைத்ததைத் திருப்பிக் கேட்டு வருகிறவர்களை விசாரிக்கும் முறையீட்டுக் குழுவில் நூல் வழக்கை முதலில் எடுங்கள்.

அப்படியும் கட்டுகளைப் பிரித்தே ஆக வேண்டுமென்றால், கத்தரிக்கோலை எடுக்கும் முன் சலானில் இருக்கும் எண்ணுக்கு ஒரு போன் செய்யுங்கள். எந்த நேரமானாலும் வந்து நாங்களே அவிழ்த்துக் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
கைச்சாயப் பட்டறைக்காரர்கள்