மூக்கு ஒழுகும் பிள்ளைகளும் ஒரு மூடி சிரப்பும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

போன வாரம் மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை இரண்டாவது பீரியடிலேயே பெஞ்சில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். டீச்சர் எழுப்பினால் கண்ணைத் திறக்கிறாள், மறுபடியும் சரிகிறாள். காய்ச்சல் இல்லை. அம்மாவுக்குப் போன் செய்ததும் விஷயம் புரிந்தது. “மூக்கு ஒழுகிச்சு சார், போன மழைக்கு வாங்கின சிரப் மிச்சம் இருந்துச்சு, ஒரு மூடி குடுத்தேன்” என்றார். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. என் பிள்ளைகளுக்கு நானும் மூடியில்தான் அளந்து கொடுத்திருக்கிறேன்.

ஜலதோஷம் இல்லாத நாளிலும் மூக்கின் உள்தோல் சளியைச் சுரந்துகொண்டேதான் இருக்கிறது. முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தான். அதில் ஒட்டும் தூசியையும் கிருமியையும் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் தொண்டைப் பக்கம் தள்ளிவிடும். நாமும் தெரியாமலே விழுங்கிவிடுகிறோம். ஜலதோஷ வைரஸ் புகுந்ததும் உடம்பு உஷாராகிறது. மூக்குக்குள் ரத்தக்குழாய்கள் விரிந்து நீர் கசிகிறது, சுரப்பிகளும் நரம்பின் தூண்டுதலால் கூடுதலாகச் சுரக்கின்றன. ஒழுகுவது இதுதான். குழாய்கள் விரிவதால் உள்தோல் வீங்குகிறதே, அதுதான் மூக்கடைப்பு. எவ்வளவு சிந்தினாலும் அடைப்பு விடாததற்குக் காரணம் அந்த வீக்கம்.

“அழுதா மட்டும் ஏன் சார் மூக்கு ஒழுகுது?” என்று ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. கண்ணின் உள்மூலையில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை இருக்கிறது. கண்ணீர் அந்த வழியாக மூக்குக்குள் இறங்குகிறது. அன்று முழுக்க ஒருவர் கண்ணை ஒருவர் நோண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்!

சரி, மருந்துக்கு வருவோம். கடையில் கிடைக்கும் சளி சிரப் பலவற்றில் குளோர்பெனிரமின், பினைல்எஃப்ரின் என்று இரண்டு பெயர் இருக்கும். முதலாவது, சுரப்பிகளைத் தூண்டும் வேலையை மட்டுப்படுத்தி ஒழுகுவதைக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் அது மூளைக்கும் போவதால் தூக்கம் வரும். அந்தப் பிள்ளைக்கு வந்தது சோம்பல் இல்லை. இரண்டாவது, விரிந்த ரத்தக்குழாய்களைச் சுருக்குவதற்காகச் சேர்ப்பது. வாய்வழியாகக் கொடுத்தால் அதற்குப் பலனே இல்லை என்று அமெரிக்காவில் 2023-இல் நிபுணர் குழுவே சொல்லிவிட்டது. இரண்டுமே கிருமியைக் கொல்வதில்லை. ஜலதோஷம் ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே போகும்.

வீட்டில் சின்னத் தம்பி, தங்கை இருந்தால் இதைக் கவனியுங்கள். இந்த இரண்டும் சேர்ந்த சிரப்பை 4 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பரிலேயே சொல்லியிருக்கிறது. 2025-இல் நச்சு கலந்த இருமல் சிரப்பால் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்ததையும் மறந்திருக்க மாட்டீர்கள். அது தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்.

சளி பச்சையாக வந்தாலே ஆன்டிபயாடிக் வேண்டும் என்று நினைக்க வேண்டாம். கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு நொதியின் நிறம் அது. மூக்கடைப்புக்கு மெடிக்கலில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு போதும். குழாயைச் சுருக்கும் சொட்டு மருந்தை டாக்டர் சொன்ன நாளுக்கு மேல் விட்டால் அடைப்பு இன்னும் மோசமாகும். கொதிக்கும் பாத்திரத்தின் முன் பிள்ளையைப் போர்வை மூடி உட்கார வைக்காதீர்கள், கவிழ்ந்தால் வெந்துபோகும்.

வெறும் மூக்கொழுகல் என்றால் தாராளமாகப் பள்ளிக்கு அனுப்புங்கள். காய்ச்சல், மூச்சிரைப்பு, காதுவலி இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், லீவு லெட்டர் அப்புறம் தரலாம். காலையில் மருந்து கொடுத்திருந்தால் டைரியில் ஒரு வரி எழுதி அனுப்பினால் டீச்சருக்கு உதவியாக இருக்கும்.

பையில் இரண்டு கைக்குட்டை வையுங்கள், ஓரத்தில் பெயர் எழுதி. பெயர் இல்லாத பதினொன்று இப்போது என் அறை ஜன்னல் கம்பியில் காய்கின்றன. அடையாளம் தெரிந்தவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்