கடலூர் மாவட்ட ஆட்சியருக்கு: மனை வாங்குகிறவர்களுக்கு வெள்ள மட்டத்தையும் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடலூரில் மனை பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் இரண்டு கேள்வி கேட்கிறார்கள். சதுர அடி என்ன விலை? இங்கே தண்ணீர் நிற்குமா? விலையைச் சரிபார்க்க அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பாவது இருக்கிறது; பதிவுத்துறை இணையதளத்தில் தெருவாரியாக, சர்வே எண் வாரியாகப் பார்த்துக்கொள்ளலாம். தண்ணீருக்குப் பதில் சொல்ல புரோக்கர் மட்டும்தான். "இந்த சைடு வராது சார், ரோட்டுக்கு அந்த சைடுதான் வரும்" என்பார். அந்த சைடு போனால், அங்கே நிற்கும் புரோக்கர் இந்த சைடைக் கை காட்டுவார். சித்திரை வெயிலில் வேன் வைத்து மனை காட்டக் கூட்டிப் போகிறவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் அவ்வளவு ஆர்வம் காட்டுவதில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன்.

வடக்கே தென்பெண்ணை, ஊருக்கு நடுவே கெடிலம், தெற்கே உப்பனாறும் பரவனாறும். மேற்கே எங்கே பெய்தாலும் இந்த வழியாகத்தான் கடலில் இறங்கியாக வேண்டும். 2015 நவம்பரில் மாவட்டமே மிதந்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு, தென்பெண்ணையின் மேலே இருக்கும் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.5 லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிடப்பட்டது. கண்டக்காடு, நாணமேடு, உச்சிமேடு, குண்டு உப்பலவாடி, தாழங்குடா என்று தென்பெண்ணைக் கரை நெடுக வீடுகளுக்குள் ஆறு வந்தது. இதெல்லாம் உங்கள் அலுவலகத்துக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். அந்த வெள்ளம் மனை விற்பனையில் எந்தத் தாளிலும் பதிவாகவில்லை என்பதுதான் என் குறை.

மனை வாங்குகிறவர் மூலப்பத்திரம் பார்க்கிறார், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார், பட்டா, புலப்படம், டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி எண், ரேரா (மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் எல்லாம் பார்க்கிறார். வங்கி வக்கீலும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். பத்து லட்சத்து மனைக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்த்து 90,000 ரூபாய் அரசுக்கே கட்டுகிறார். இவ்வளவுக்கும் பிறகு, கடைசி வெள்ளத்தில் அந்த இடத்தில் தண்ணீர் முழங்கால் அளவா, இடுப்பளவா என்று கேட்டால், பக்கத்து டீக்கடைக்காரர் சொல்வதுதான் ஆதாரம்.

அரசிடம் தகவல் இல்லாமல் இல்லை. பருவமழைக்கு முன் ஒவ்வோர் ஆண்டும் பாதிக்கப்படக்கூடிய பகுதிகளை மிக அதிகம், அதிகம், மிதம், குறைவு என்று பிரித்து உங்கள் அலுவலகமே பட்டியல் போடுகிறது. நீர்நிலையை ஒட்டிய நிலம் என்றால் மனைப்பிரிவு அனுமதிக்கு நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். இடத்தை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று அதில் நிபந்தனை போடுவதுண்டு. போதாததற்கு, ஃபெஞ்சலுக்குப் பிறகு பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தீர்கள். எந்தெந்தத் தெருவில் தண்ணீர் ஏறியது என்று கணக்கெடுக்காமலா கொடுத்திருப்பீர்கள்? அந்தக் கணக்கு தாலுகா அலுவலகத்தில் இருக்கும். மனை வாங்குகிறவர் கைக்கு அது வருவதில்லை, அவ்வளவுதான்.

மனையை உயர்த்துவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பிரச்சினை அதில்தான் உற்பத்தியாகிறது. புதிதாக மனை பிரிக்கிறவர் லோடு லோடாகச் சவுடு கொட்டி மூன்றடி மேலேற்றுகிறார். நேற்றுவரை அந்த வயலில் நின்ற தண்ணீர், இருபது ஆண்டுக்கு முன் வீடு கட்டிய பக்கத்துத் தெருவுக்குப் போகிறது. அந்தத் தெருவுக்கு வரும் புதுச் சாலையும் பழைய தாரின் மேலேயே விழுகிறது. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்ற அரசின் அறிவுறுத்தல் தாளில் மட்டும் இருக்கிறது. கடைசியில் வாசற்படி சாலைக்குக் கீழே போய்விடுகிறது. வசதியுள்ளவர் வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்குகிறார். இல்லாதவர் வாசலில் அரையடிச் சுவர் எழுப்பித் தாண்டிப் போகிறார். அந்த வீட்டை விற்கப் போனால், "பள்ளத்துல இருக்கே" என்று சொல்லி விலையைக் குறைக்கிறவரும் அதே புரோக்கர்தான்.

வாடகைச் சந்தையிலும் இதே கதை. மாடி போர்ஷனுக்கு ஆள் க்யூவில் நிற்கிறது; தரைத்தள வீட்டுக்கு, வேறு வழியில்லாதவர் வருகிறார். 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியை நியமிப்பது நீங்கள்தான். குடியேறும் முன் அந்த வீட்டில் எவ்வளவு தண்ணீர் ஏறியது என்று எழுத்தில் சொல்லும்படி வீட்டுக்காரர்களுக்கு அவர் மூலம் அறிவுறுத்தினால், பீரோவையும் ஃபிரிட்ஜையும் எங்கே வைப்பது என்றாவது குடிவருபவர் யோசிப்பார்.

வெள்ள மட்டத்தை வெளியிட்டால் நிலத்தின் விலை விழுந்துவிடும் என்று மனைப்பிரிவு போடுகிறவர்கள் உங்களிடம் மனு கொடுப்பார்கள். விழட்டும். தண்ணீர் நிற்கும் இடத்துக்கு மேட்டு நில விலை வைத்திருந்தது யார் குற்றம்? ஆனால் ஐந்து சென்ட் நிலத்தை மகள் கல்யாணத்துக்கென்று வைத்திருக்கும் குண்டு உப்பலவாடிக்காரரும் அதே அடியை வாங்குவார். அதை நான் மறுக்கவில்லை. அவருக்கு வேண்டியது வடிகாலும் கரையும். வெள்ள மட்டப் பட்டியல் வெளியில் இருந்தால் அவற்றைக் கேட்க அவர் கையில் ஒரு தாளாவது இருக்கும். ஆற்றங்கரையில் ஏற்கெனவே குடியிருப்பவர்களைக் காலி செய்ய அந்தப் பட்டியலை யாரும் பயன்படுத்தக்கூடாது என்பதையும் அதை வெளியிடும் ஆணையிலேயே எழுதிவிடுங்கள்.

மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் என்ற முறையில் உங்களிடம் கேட்பது இதுதான். 2015, 2024 ஆகிய இரு வெள்ளங்களிலும் தண்ணீர் ஏறிய உயரத்தைச் சர்வே எண் வாரியாக, தமிழில், மாவட்ட இணையதளத்தில் போடுங்கள். புதிய மனைப்பிரிவு விளம்பரப் பலகைகளில் ரேரா எண்ணுக்குக் கீழே அந்த உயரத்தையும் எழுத வைக்க நகர் ஊரமைப்புத் துறைக்குப் பரிந்துரை செய்யுங்கள். மாவட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் முடியாது என்றால் தென்பெண்ணைக் கரை ஊராட்சிகளில் தொடங்கலாம். அங்கே பல வீட்டுச் சுவர்களில் கறை இன்னும் இருக்கிறது. அடுத்த வெள்ளையடிப்புக்குள் அளவு டேப்போடு ஒரு பொறியாளரையும் கிராம நிர்வாக அலுவலரையும் அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பத்தில் வாடகைக்கு இருந்துகொண்டு மனை தேடும் ஒருவர்