கிளை நூலக வாசகர் வட்டம்: 2024-25ஆம் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நூலகர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மாதாந்திரக் கூட்டங்கள் வழக்கம்போல் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தன. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் மழையால் நடத்த முடியவில்லை. வெளியே பெய்த மழை வாசிப்பறையின் தென்மேற்கு மூலையில் உள்ளேயும் பெய்தது. கூரையைச் சரிசெய்யக் கோரி மனுக் கொடுத்தோம். வந்தார்கள், பார்த்தார்கள், அளந்தார்கள், போனார்கள். இப்போதைக்குத் தார்ப்பாய் விரித்திருக்கிறோம். அதை வாங்கிக் கொடுத்த உறுப்பினர் தம் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நனைந்தது அறிவியல் அலமாரி. வானியல், தாவரவியல் நூல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இரண்டு நாள் வெயிலில் காயவைத்துப் பக்கம் பக்கமாகப் பிரித்தபோது பலவற்றின் தேதிச் சீட்டில் ஒரு முத்திரைகூட இல்லை. அந்த அலமாரி அந்த மூலைக்குப் போனதற்குக் காரணமே அதுதான்: யாரும் கேட்காத நூல்களுக்கு ஒழுகும் இடம் போதும் என்று நாம் எல்லோரும் பேசாமலேயே முடிவு செய்திருக்கிறோம்.

வாசிப்பறையில் கூட்டம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. காலை எட்டு மணிக்கே பையும் தண்ணீர்ப் பாட்டிலுமாகப் பிள்ளைகள் வாசலில் நிற்கிறார்கள். அவர்கள் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள். பெரும்பாலும் சொந்தப் புத்தகத்தையே கொண்டுவருகிறார்கள். நூலகத்திடம் அவர்கள் கேட்பது மேசை, மின்விசிறி, அமைதி. இதைக் குறையாகச் சொல்லவில்லை. உயர்கல்வியில் சேருவோர் விகிதம் நாடு முழுவதற்கும் 28.4 விழுக்காடாக இருக்க, தமிழ்நாட்டில் 47 விழுக்காடு என்கிறது 2021-22ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு. நிலத்தை விற்றும் நகையை வைத்தும் படிக்கவைத்த பெற்றோர் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். படிப்புக்குச் செலவழிக்க நம் ஊர் தயங்கியதே இல்லை. தேர்விலும் வேலையிலும் போய் முடியாத அறிவுக்குத்தான் நம்மிடம் காசு இல்லை.

இந்தப் பேச்சு சூடுபிடித்தது பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள் கூட்டத்தில். ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றி, சில சொட்டுப் பால் விட்டு, விளக்கை அணைக்கச் சொல்லி டார்ச் அடித்தார். பக்கவாட்டில் நின்ற பிள்ளைகளுக்கு லேசான நீலம். எதிரே குனிந்து பார்த்தவர்களுக்கு டார்ச்சின் வெளிச்சம் ஆரஞ்சு. இது வெறும் ஒளிச்சிதறல், ராமன் விளைவு அல்ல என்பதையும் அவரே சொல்லிவிட்டார். சிதறும் ஒளியில் மிகமிகச் சிறு பங்கு தன் நிறத்தையே மாற்றிக்கொண்டு வருவதை இயற்பியலாளர் சி.வி. ராமன் கண்டதுதான் 1928இல் நடந்தது. அதில் ராமனுடன் உழைத்த கே.எஸ். கிருஷ்ணன் நம் மாவட்டத்து வத்திராயிருப்பில் பிறந்தவர் என்றதும் பின்வரிசையும் நிமிர்ந்து உட்கார்ந்தது.

பிறகு அவர் சொன்னதுதான் நமக்கு வேண்டியது. ராமன் ஆய்வு செய்த கல்கத்தா இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை அரசு தொடங்கவில்லை. மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் ஊராரிடம் நன்கொடை கேட்டு 1876இல் தொடங்கினார். விஜயநகரம் மகாராஜா ஆய்வுக்கூடம் கட்டப் பணம் கொடுத்தார். ஆனாலும் நாட்டார் போதிய அளவு கைகொடுக்கவில்லை என்ற மனக்குறையோடுதான் 1904இல் சர்க்கார் காலமானார். மூன்றே ஆண்டில், நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்கு வந்த ராமன் அந்தக் கழகத்தின் படியேறினார். அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்தார். 1917இல் அந்த அரசுப் பதவியையே உதறிவிட்டுக் குறைந்த சம்பளத்துக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியராகப் போனார். இன்று நம் வாசிப்பறையில் இருக்கும் ஒரு பிள்ளை அப்படிச் செய்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று ஒரு பெண் கேட்டார். சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது.

ஆராய்ச்சிக்கு இந்தியா செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடு, தென்கொரியா நான்கரை விழுக்காட்டுக்கும் மேல். அரசு கொடுப்பது போதாது என்றார் ஓர் உறுப்பினர், தனியார் நிறுவனங்கள் கொடுப்பதில்லை என்றார் இன்னொருவர். இரண்டும் சரி. ஆனால் தேரோட்டத்துக்கு ஒரே வாரத்தில் வசூலாகும் இந்த ஊரில் ஓர் அறிவியல் மாத இதழுக்குச் சந்தா கட்ட ஆண்டு முழுவதும் கேட்க வேண்டியிருந்தது என்பதையும் அறிக்கையில் பதிவு செய்கிறேன். தேருக்கு நானும் கொடுத்தேன்.

நூலக வரி பற்றி ஒரு விளக்கக் கூட்டம் நடத்தினோம். விடுதலைக்குப் பின் நாட்டிலேயே முதலாவதாகப் பொது நூலகச் சட்டம் வந்தது சென்னை மாகாணத்தில்தான், 1948இல்; அதற்கு வித்திட்டவர் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். அந்தச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். வந்தவர்களில் பலருக்கு அது தெரிந்திருக்கவில்லை. வரி ரசீதை எடுத்துவரச் செய்து அந்த வரியை விரல் வைத்துக் காட்டினோம். வசூலான தொகை உள்ளாட்சி அமைப்புகளிடமிருந்து நூலகத்துக்கு முழுதாக, உரிய காலத்தில் வந்து சேர வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றி அனுப்பியிருக்கிறோம். பதில் வந்ததும் தெரிவிக்கப்படும்.

கோடை விடுமுறையில் கதை சொல்லல், ஓவியப் போட்டி, மொட்டைமாடியில் நட்சத்திரம் பார்த்தல் ஆகியவை நடந்தன. ஒத்துழைத்த ஆசிரியர்களுக்கு நன்றி.

வரும் ஆண்டுக்கு மூன்று முன்மொழிவுகள்: அறிவியல் அலமாரியை வாசலுக்கு நேரே வைப்பது, தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளில் விருப்பமுள்ளவர்கள் மாதம் ஒருமுறை பாடத்துக்கு வெளியே ஒரு நூலைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவது, அறிவியல் இதழ்ச் சந்தாவை வட்டத்தின் நிரந்தரச் செலவாக ஏற்பது. மூன்றாவதைத் தனியாக வாக்கெடுப்புக்கு விடுமாறு தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு வேண்டுகிறேன். நூலகப் புரவலராகச் சேர ஆயிரம் ரூபாய். கூட்டம் முடிந்ததும் நூலகரிடம் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளலாம்.

செயலாளர்