பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு ஒரு பழைய கண்டக்டரின் நன்றி

அன்புள்ள சிஸ்டர்மாருக்கும், டாக்டர்மாருக்கும், வார்டு ஆயாமாருக்கும், வாசலில் நிற்கும் செக்யூரிட்டி தம்பிகளுக்கும், எதிரே உள்ள டீக்கடை அண்ணாச்சிக்கும்,

வணக்கம். அடுத்த மாதம் மகள் வீட்டோடு இருக்க ஓசூருக்குப் போகிறேன். கிளம்புவதற்கு முன் ஒவ்வொருவராகப் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்றால் நீங்கள் யாரும் ஒரு இடத்தில் நிற்கிற ஆட்கள் இல்லை. நன்றி சொல்ல வாயைத் திறந்தால் "தள்ளி நில்லுங்க அண்ணாச்சி, ஸ்ட்ரெச்சர் வருது" என்பீர்கள். அதனால் எழுதியே விடுகிறேன்.

என்னைப் போலச் சம்பளமில்லாமல் ஆஸ்பத்திரிக்குச் சேவை செய்ய வருகிறவன், வந்த புதிதில் ஒரு இடைஞ்சல்தான். இதை யாரும் வெளியே சொல்வதில்லை. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி என்று மூன்று ஜில்லா சனமும் வந்து நிற்கிற இடம் அது. அந்தக் கூட்டத்தில் இன்னும் ஒரு ஆள் கூடுதல், அவ்வளவுதான். எக்ஸ்ரே எங்கே, ரத்தம் எடுப்பது எங்கே என்று நோயாளியைப் போல அவனும் கேட்டுக்கொண்டு திரிவான். போதாததற்கு, ஓ.பி. சீட்டு வாங்க வந்தவர்கள் என்னைப் புரோக்கர் என்று நினைத்துப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அதுவும் நியாயம்தான். காசு வாங்காமல் ஒருத்தன் வலிய வந்து "என்ன வேணும்?" என்று கேட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? இப்படி வந்து நின்ற ஆளை நீங்கள் துரத்தாமல் வைத்து, உபயோகப்படும்படி ஆக்கினீர்களே, இந்த மடல் அதற்குத்தான்.

முதல் நன்றி, எனக்கு வீல்சேர் தள்ளச் சொல்லிக்கொடுத்த வார்டு அக்காவுக்கு. தள்ளுவதில் என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். ஆளை உட்கார வைப்பதற்கு முன்னால் இரண்டு பக்கமும் பிரேக் போட வேண்டும். கால் வைக்கிற பலகையை மடக்கிவிட வேண்டும். இல்லையென்றால் நோயாளி அதன் மேலேயே ஏறி நிற்பார், வண்டி முன்னால் குடைசாயும். சரிவில் இறங்கும்போது வண்டியைத் திருப்பிக்கொண்டு, நம் முதுகு முன்னே போகிற மாதிரி பின்னோக்கி இறக்க வேண்டும். அப்போதுதான் உட்கார்ந்திருப்பவர் நழுவி முன்னால் விழ மாட்டார். அந்த அக்கா இதை வாயால் சொல்லவில்லை. என்னையே உட்கார வைத்துச் சரிவில் நேராக ஒரு தடவை இறக்கிக் காட்டினார். நான் கைப்பிடியைப் பிடித்த பிடியைப் பார்த்துவிட்டு, "இப்ப தெரியுதா?" என்றார். தெரிந்தது.

அடுத்து, ஆபரேஷன் வார்டு சிஸ்டர். அவர் எனக்குப் போட்ட சட்டங்கள் மூன்று. என்னைக் கேட்காமல் யாருக்கும் தண்ணீர்கூடக் கொடுக்காதே. கட்டிலில் தொங்குகிற சீட்டைப் படிக்காதே. இங்கே பார்த்ததை வெளியே பேசாதே. முதல் சட்டத்தின் அருமை சீக்கிரமே புரிந்துவிட்டது. காலையில் ஆபரேஷன் என்றால் வயிறு காலியாக இருக்க வேண்டும், மயக்க மருந்து கொடுக்கும்போது வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருப்பார். "பிள்ளை முகம் வாடிப்போச்சே" என்று பெரியம்மை ஒருத்தி முந்தானைக்குள் டீத்தம்ளரை மறைத்துக் கொண்டுவருவாள். அவளை வாசலிலேயே மடக்கிப் பேச்சுக் கொடுத்து, அந்த டீயை அவளையே குடிக்க வைப்பது என் வேலை. மூன்றாவது சட்டம்தான் எனக்குச் சிரமம். கண்டக்டராக இருந்தவனிடம் போய்ப் பேசாதே என்றால்? அதுவும் வருகிறவர்களில் பாதிப் பேர் என் பஸ்ஸில் ஏறியவர்கள். ஆனால் ஊர்க்காரன் ஒருவனுக்குக் காசநோய் என்று தெரிந்தால் அவன் மகள் கல்யாணப் பேச்சுவரைக்கும் அது போய் நிற்கும். சிஸ்டர் சொன்னது அதை நினைத்துத்தான்.

சரி, பஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் என்னால் ஆன ஒரே நல்ல காரியம் இதில்தான் நடந்தது. "அட்மிஷன்" என்று டாக்டர் சொன்னதும் நம் சனம் கேட்கிற முதல் கேள்வி நோயைப் பற்றியது அல்ல. "கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" என்பதுதான். களக்காட்டுக்குப் போக வேண்டும், திசையன்விளைக்குப் போக வேண்டும், பாபநாசத்துக்கு மேலே போக வேண்டும். 2021 மே மாதத்தில் இருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் எந்த பஸ் டவுன் பஸ், எது இல்லை என்பதும் அவர்களுக்கு முக்கியம். பஸ் நேரத்தையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு கேட்கிறவர்களுக்குச் சொல்வேன்.

களக்காட்டுப் பக்கத்து ஆச்சி ஒருவர் சர்க்கரைப் புண்ணோடு வந்திருந்தார். மஞ்சப்பையில் பழைய சீட்டுகளைச் சுருட்டி வைத்திருந்தார். கால் விரல் கறுத்துவிட்டது. இன்றைக்கே சேர வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார், ஆச்சி மாட்டேன் என்கிறார். "நாளைக்கு வாரேன்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. படிப்பு முடித்து ஹவுஸ் சர்ஜனாக இருந்த ஒரு சின்னப் பெண், பின்னால் அவ்வளவு கூட்டம் நிற்கும்போது, குனிந்து உட்கார்ந்து, "ஆச்சி, வீட்டுல என்ன இருக்கு?" என்று கேட்டது. "ஆடு கட்டிக் கெடக்கு. தண்ணி காட்ட ஆளில்ல." அதுதான் விஷயம்! மஞ்சப்பைக்குள் இருந்த சீட்டொன்றின் பின்புறம் பக்கத்து வீட்டுப் பையனின் நம்பர் இருந்தது. அந்த டாக்டர் பிள்ளை தன் போனிலேயே கூப்பிட்டு, ஆட்டை அவிழ்த்துக் கொண்டுபோகச் சொல்லி, பையனின் குரலை ஆச்சியின் காதில் வைத்துக் கேட்கவும் வைத்தது. ஆச்சி கட்டிலில் ஏறிவிட்டார். தாயி, நீ இப்போது எந்த ஊரில் மேற்படிப்புப் படிக்கிறாயோ தெரியாது. நன்றாக இரு. எத்தனையோ பெரிய டாக்டர்களைப் பார்த்துவிட்டேன். ஆட்டைப் பற்றிக் கேட்டது நீதான்.

இன்ஷூரன்ஸ் கவுண்டரில் இருக்கிற தம்பிகளுக்கும் நன்றி. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் என்பது பலருக்குத் தெரியும். ரேஷன் கார்டும் ஆதாரும் கையில் வேண்டும் என்பது பெட்டில் படுத்த பிறகுதான் ஞாபகம் வரும். கார்டு அம்பாசமுத்திரத்தில் அலமாரிக்குள் இருக்கும். கூட வந்தவர் ஒரே ஆள், அவரும் நகர முடியாது. ஊரில் இருந்து யாராவது கார்டை பஸ்ஸில் கொடுத்துவிட, புதுப் பஸ் ஸ்டாண்டில் போய் நான் வாங்கிக்கொண்டு வருவேன். சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்து கொடுத்த என் பழைய சகாக்களுக்கு நன்றி. எந்த ரூட், எந்த டெப்போ என்று எழுத மாட்டேன், பயப்படாதீர்கள்.

பாளையங்கோட்டை ஹாஸ்டல் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். ஐப்பசி, கார்த்திகை மழையில் டெங்குக் காய்ச்சல் வந்துவிட்டால் ரத்தத்தில் உள்ள தட்டணுவுக்கு, அதுதான் பிளேட்லெட்டுக்கு, அலைய வேண்டியிருக்கும். சிவப்பணுவையாவது ஒரு மாதத்துக்கு மேல் குளிரில் வைக்கலாம். தட்டணு ஐந்து நாள்தான் தாங்கும். அதனால் சேர்த்து வைக்கவும் வழியில்லை, அன்றன்றைக்கு ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும். எனக்கு வயது போய்விட்டது, பிரஷரும் உண்டு. ராத்திரி போன் போட்டால் லுங்கியோடு பைக்கில் வந்து நின்றவர்கள் இந்தப் பிள்ளைகள். 45 கிலோ எடை வேண்டும் என்பதால் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு ஒல்லிப் பையன், "அடுத்த வருஷம் தேத்திக்கிட்டு வாரேன்" என்று சொல்லிப் போய், நிஜமாகவே தேறி வந்தான். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம். யார் எப்போது கொடுத்தார் என்று தேதியோடு குறித்து வைத்திருந்தது ஒரு மாணவி. நான் வைத்திருந்தால் கணக்கு என்னவாகியிருக்கும் என்று என் வீட்டம்மாவுக்குத் தெரியும்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் சந்திப்பு பஸ் நிலையத்துக்குள் தண்ணீர் நின்றது. ஊர் திரும்ப வழியில்லாமல் நோயாளிகளோடு மாட்டிக்கொண்டவர்களுக்குச் சோற்றுப் பொட்டலம் கொண்டுவந்த மேலப்பாளையத்துத் தம்பிகளே, பெயர் கேட்டதற்குச் சிரித்துவிட்டுப் போனீர்கள். சரி, பெயர் இல்லாமலே நன்றி.

டீக்கடை அண்ணாச்சிக்கு: வார்டில் இருந்து வருகிறவர்களுக்கு வெந்நீருக்குக் காசு வாங்கியதில்லை நீங்கள். என் கணக்கில் பாக்கி ஏதாவது இருந்தால் கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுங்கள்.

பஸ் நேரம் எழுதிய நோட்டை உங்கள் கடையில்தான் வைத்துவிட்டுப் போகிறேன். வள்ளியூர், நாங்குநேரி, சேரன்மகாதேவி, ஆலங்குளம் எல்லாம் தனித்தனிப் பக்கம். நேரம் மாறினால் பேனாவால் திருத்தாதீர்கள், பென்சிலால் எழுதுங்கள்; மறுபடியும் மாற்றுவார்கள். என் இடத்தில் நிற்க, செவ்வாய்க்கிழமைக்கு ரத்தக் கணக்கு வைத்திருந்த அந்த மாணவி வருவதாகச் சொல்லியிருக்கிறது. வெள்ளிக்கிழமை காலைக்குத்தான் இன்னும் ஆள் இல்லை. ரிட்டயர்டு ஆகி வீட்டில் இருக்கிற கண்டக்டர், டிரைவர் யாராவது இதைப் படித்தால், கூட்டம் சேர்வதற்கு முன்னால் வந்து அந்த வார்டு அக்காவைப் பாருங்கள். முதலில் உங்களை வீல்சேரில் உட்கார வைப்பார், முகம் சுளிக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு கண்டக்டர்,
பாளையங்கோட்டை