"உள்ளேன் டீச்சர்" என்று சொல்ல வைத்த எல்லோருக்கும்

அனைவருக்கும் வணக்கம்.

போன மாதம் ஒரு நாள், பாப்பா மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டிலைக் கொடுக்கப் பள்ளிக்கூடம் போயிருந்தேன். வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் வகுப்பின் பின்பக்கம், பிள்ளைகளின் முதுகுப்புறமாக நின்று பேர் வாசித்தார். வாயசைவைப் பார்க்க வழியே இல்லை. ஒரு காலத்தில் எந்தச் சத்தமும் கேட்காமல் இருந்த என் மகள் பேர் வந்தது. "உள்ளேன் டீச்சர்" என்றாள், மற்றப் பிள்ளைகள் சொல்கிற அதே ராகத்தில், தலையைக்கூடத் திருப்பாமல்.

பாட்டிலை வாசலில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். உள்ளே போயிருந்தால் அழுதிருப்பேன். அன்றைக்கே இந்த மடலை எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன்.

எங்களுக்குப் போச்சம்பள்ளி பக்கம் ஒரு சிறிய ஊர். கொஞ்சம் மாந்தோப்பு, இரண்டு மாடு. பாப்பாவுக்கு ஒரு வயது நான்கு மாதம் இருக்கும்போது எடை போட அங்கன்வாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஆயாம்மா கையிலிருந்து எவர்சில்வர் தாம்பாளம் தரையில் விழுந்தது. அங்கிருந்த குழந்தைகள் எல்லாம் திடுக்கிட்டன, ஒன்று வீறிட்டு அழுதது. என் குழந்தை சத்துமாவு பாக்கெட்டைக் கசக்கி விளையாடிக்கொண்டே இருந்தாள். அங்கன்வாடி அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தப்பா நினைக்காத, பாப்பாவுக்குக் காது பார்த்துடலாம்" என்றார். அக்கா, உங்களுக்குத்தான் என் முதல் நன்றி. அதற்கு முன் ஒரு மருத்துவர், "சில குழந்தைகள் லேட்டாத்தான் பேசும், மூன்று வயது வரைக்கும் பாருங்க" என்று அனுப்பியிருந்தார். அவர் பேச்சைக் கேட்டுக் காத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று இன்றைக்கும் ராத்திரியில் நினைத்துப் பயப்படுகிறேன். பிறந்த குழந்தைக்கே இரண்டு மூன்று நிமிடத்தில் காது பார்த்துவிடலாம். தூங்குகிற குழந்தையின் காதில் சின்ன முனையை வைத்தால் போதும். இது எனக்கு அப்போது தெரியாது.

கிருஷ்ணகிரியில் குழந்தைகளின் குறைகளை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து உதவும் மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்குப் போகச் சொன்னதும் அக்காதான். பிறகு பெரா டெஸ்ட், காதில் கேட்கிற சத்தம் மூளைக்குப் போகிறதா என்று பார்க்கிற சோதனை. சிரப் கொடுத்துத் தூங்க வைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டி, 90 டெசிபல் வரைக்கும் பெரிய சத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். கம்ப்யூட்டரில் அலையே எழவில்லை. அந்தச் சத்தம்கூட அவளுக்குக் கேட்கவில்லை என்று அர்த்தம்.

நான் கட்டியிருப்பது என் தாய்மாமனை. என் அம்மாவைப் பெற்ற ஆயாதான் எனக்கு மாமியார். "நான்தான் சொந்தத்துல கட்டி வச்சேன், என்னாலதான் இப்படி" என்று ஆயா சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார். அடுத்த முறை அவரையும் கூட்டி வரச் சொல்லி, எதிரில் உட்காரவைத்து, பாப்பாவைப் பார்த்த டாக்டரம்மா அரை மணி நேரம் பேசினார். "பாட்டி, காது கேட்கிற ஒருத்தர் உடம்புலயும் இந்தக் குறையோட ஜீன் மறைஞ்சு இருக்கலாம். அம்மா அப்பா ரெண்டு பேருக்கும் அது இருந்தா, ஒவ்வொரு குழந்தைக்கும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்துல கட்டினா ரெண்டு பேர்கிட்டயும் அதே ஜீன் இருக்கறதுக்கு வாய்ப்பு அதிகம். இனிமே கல்யாணம் பேசும்போது யோசிங்க. இது நீங்க செஞ்ச பாவம் இல்ல." மறுநாள் காலையில் ஆயா களி சாப்பிட்டார். டாக்டரம்மா, குழந்தையைப் பார்த்ததோடு எங்கள் வீட்டையும் காப்பாற்றிக் கொடுத்தீர்கள்.

காக்ளியர் இம்பிளான்ட் என்ற வார்த்தையை அங்கேதான் முதலில் கேட்டேன். ஆபரேஷன் செய்து உள்காதுக்குள் ஒயர் வைத்து, வெளியே ஒரு கருவி மாட்டிச் சத்தம் கேட்க வைப்பது. லட்சக்கணக்கில் ஆகும் என்றதும் தோப்பை விற்பதைத்தான் நினைத்தோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்குச் செய்கிறார்கள் என்று சொல்லி, எந்தெந்தச் சான்றிதழ் வேண்டும் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்த காப்பீட்டு மைய ஊழியருக்கும், வருமானச் சான்றிதழுக்காக நாங்கள் அலையாதபடி பார்த்துக்கொண்ட எங்கள் வி.ஏ.ஓ. ஐயாவுக்கும் நன்றி. மூன்று மாதம் காது மெஷின் போட்டுப் பார்த்து, ஸ்கேன் எடுத்து, மூளைக்காய்ச்சல் வராமல் இருக்கத் தடுப்பூசி போட்டு, சேலத்தில் ஆபரேஷன் நடந்தது. அப்போது பாப்பாவுக்கு இரண்டு வயது ஐந்து மாதம்.

ஆபரேஷன் வாசலில் காத்திருந்தபோது காது சோதனை செய்கிற ஆடியாலஜிஸ்ட் தம்பி ஒரு கதை சொன்னார். ஆஸ்திரேலியாவில் கிரீம் கிளார்க் என்று ஒரு டாக்டர். அவருடைய அப்பாவுக்குக் காது சரியாகக் கேட்காது. நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கும் உள்காதுக்குள் ஒயரை எப்படி நுழைப்பது என்று தெரியாமல் இருந்தவர், 1977இல் கடற்கரையில் ஒரு சங்கை எடுத்து அதற்குள் புல்லை நுழைத்துப் பார்த்தாராம். நுனி வளைந்து கொடுத்து, அடி விறைப்பாக இருந்தால் உள்ளே போகும் என்று அப்போது பிடிபட்டதாம். அடுத்த வருஷமே மெல்போர்னில் முதல் நோயாளிக்குப் பொருத்திவிட்டார். எங்கள் தோப்பில் புல் அறுக்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

மூன்று வாரம் கழித்துக் கருவியை ஸ்விட்ச் ஆன் செய்தார்கள். குழந்தை சிரிக்கும் என்று எதிர்பார்த்துப் போனேன். அவள் அலறி, தலையில் காந்தத்தால் ஒட்டியிருக்கும் காயிலை, அதுதான் கருவியின் வட்டமான வெளிப்பகுதி, பிடுங்கி எறிந்தாள். "இன்னைக்குத்தான் பொறந்திருக்கான்னு நினைச்சுக்கோங்கக்கா. அவளோட கேட்கிற வயசு இப்போ பூஜ்யம்" என்றார் தம்பி. அந்தக் கணக்கில் இப்போது அவளுக்கு நான்கு வயது.

கருவி சத்தத்தைத்தான் கொடுத்தது. பேச்சைக் கொடுத்தது நீங்கள் எல்லோரும்.

தெரபி மேடம், வாரத்தில் இரண்டு நாள் அவள் பக்கத்தில், கருவி இருக்கிற காதுப்பக்கம் உட்கார்ந்து ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று சொல்லிச் சொல்லி, கேட்கும்போதெல்லாம் ஒரு மணியைக் கிண்ணத்தில் போட வைத்தீர்கள். 'பல்'லும் 'பால்'லும் வேறு என்று புரிய எட்டு மாதம் ஆனது. உங்கள் முகம் ஒரு நாளும் சலித்ததில்லை. "வீட்டில் எதைச் செய்தாலும் வாயால் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்" என்றீர்கள். அதை என்னைவிட ஆயாதான் பிடித்துக்கொண்டார். "தண்ணி கொதிக்குது, மாவு போடறேன், கிண்டறேன், உருண்டை பிடிக்கிறேன், ஆ! சுடுது சுடுது" என்று தினமும் அடுப்படியில் ஒரு பாட்டுப்போல. ஒரு நாள் களி உருண்டையைத் தொட்டுவிட்டுப் பாப்பா "சுது" என்றாள். அதுதான் அவளுடைய முதல் வார்த்தை. ஆயா துடுப்பைக் கீழே போட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டார்.

அப்புறம் அந்த பஸ். மாங்காய் சீசன், நிற்க இடமில்லாத கூட்டம். மடியில் தூங்கியவள் தலையைத் தடவினேன், கருவியைக் காணோம். புதிதாக வாங்க லட்சக்கணக்கில் ஆகும். நான் கத்தியதைக் கேட்டு கண்டக்டர் அண்ணன் வண்டியை நிறுத்தி, "யாரும் காலை எடுக்காதீங்க, அப்படியே நில்லுங்க" என்றார். அத்தனை பேரும் நின்றார்கள். ஒருவரும் நேரமாகிறது என்று சொல்லவில்லை. கல்லூரிப் பையன் ஒருவன் செல்போன் டார்ச்சோடு தரையில் படுத்துத் தேடினான். காயிலில் காந்தம் இருக்கிறதில்லையா, நான்கு சீட் பின்னால் இரும்புக்காலில் ஒட்டிக்கொண்டு இருந்தது. அண்ணா, உங்கள் பேரும் தெரியாது, அந்தத் தம்பி பேரும் தெரியாது.

காவேரிப்பட்டணத்து மெடிக்கல் கடைக்காரர், எங்கள் ஒருத்திக்காகவே அந்தப் பொத்தான் பேட்டரியை வரவழைத்து வைக்கிறார். பக்கத்து வீட்டு அண்ணி பாப்பாவைக் கேலி பேசிய உறவுக்காரரை முகத்துக்கு நேராகக் கேட்டார். டீச்சர், ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்தால் இரைச்சலில் கேட்காது என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். மறுநாளே இடம் மாற்றினீர்கள். கரும்பலகையில் எழுதும்போது பேசாமல், எழுதி முடித்துத் திரும்பிப் பேசுகிறீர்கள் என்று பாப்பாவே சொன்னாள்.

இன்னும் 'ழ' வரவில்லை. கூட்டத்தில் பேசினால் பாதி புரியாது. கருவியின் சத்த அளவைச் சரிசெய்யும் மேப்பிங்குக்கும், தெரபிக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறோம்.

எழுதிக்கொண்டிருக்கும்போது பாப்பா வந்து தோளில் சாய்ந்தாள். "என்னம்மா எழுதற?" என்றாள். உதவி செய்தவர்களுக்கு நன்றி என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பஸ் மாமாவுக்கு எழுதினியா?" என்று கேட்டாள்.

எழுதிவிட்டேன் கண்ணு.