90 சதவீதம் என்பார்கள், எழுந்து கேள்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதமும் மாநாட்டு நிகழ்ச்சி நிரலும் கிடைத்தன. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். திறந்த வரைபடம், ஏஐ, நிலையான வளர்ச்சி என்று மூன்றையும் ஒரே பந்தலில் போட்டிருக்கிறார்கள், எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று கேட்டிருந்தாய். ஆற்றங்கரைக் குடியிருப்புகளுக்கு வெள்ள வரைபடம் போடுகிற ஆள் நீ. அந்தக் கணக்கில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

பெரிய அரங்கில் நடக்கும் பேச்சுகளுக்கு அடித்துப் பிடித்து ஓடாதே. யார் வேண்டுமானாலும் வரைந்து திருத்தக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த உலக வரைபடத்துக்காக 2007இல் மான்செஸ்டரில் தொடங்கிய ஸ்டேட் ஆஃப் தி மேப் மாதிரி இந்த வட்டாரத்து மாநாடுகளில் பேச்சுகள் பதிவாகி, பிறகு இணையத்தில் வந்துவிடும். ஐ.நா.வின் 17 நிலையான வளர்ச்சி இலக்குகளின் வண்ணச் சக்கரம் போட்ட முதல் ஸ்லைடை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். பட்டறைகள்தான் திரும்பக் கிடைக்காது. உன் ஊர்ப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்தக் கருவியை எழுதின ஆளையே பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்க வேறு இடம் இல்லை.

பேச்சுக்குப் போனாலும் ஒன்று செய். வானிலிருந்து எடுத்த படத்தில் வீடுகளைத் தானே கண்டுபிடித்து வரையும் ஏஐ நிரலைத்தான் அங்கே மாடல் என்பார்கள். "எங்கள் மாடல் 90 சதவீதம் துல்லியம்" என்று யாராவது சொன்னால் எழுந்து, எந்த 90 என்று கேள். 1,000 வீடு இருக்கும் ஊரில் மாடல் 900 வடிவம் வரைந்து, அதில் 810 நிஜ வீடு என்று வைத்துக்கொள். வரைந்ததில் 90 சதவீதம் சரி. இருப்பதில் கிடைத்தது 81 சதவீதம்தான். மீதி 190 வீடு வரைபடத்திலேயே இல்லை. வெள்ள எச்சரிக்கைக்கும் தடுப்பூசிக் கணக்குக்கும் உனக்கு வேண்டியது இரண்டாவது எண். ஸ்லைடில் பெரிய எழுத்தில் வருவது பெரும்பாலும் முதலாவது.

அதோடு விடாதே. ஒரு வீடு "கிடைத்துவிட்டது" என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? மாடல் வரைந்த வடிவமும் மனிதர் வரைந்த வடிவமும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற பரப்பை, இரண்டும் சேர்ந்து அடைக்கிற மொத்தப் பரப்பால் வகுப்பார்கள். ஐஓயூ என்பது இதுதான். வழக்கமாக 0.5 தாண்டினால் பாஸ். இப்போது செயற்கைக்கோள் படம் தரையிலிருந்து 3 மீட்டர் விலகி உட்கார்ந்திருக்கிறது என்று கொள். இது சாதாரணமாக நடப்பதுதான். 10 மீட்டருக்கு 10 மீட்டர் வீட்டில் பொதுப் பரப்பு 70 சதுர மீட்டர், மொத்தம் 130, விடை 0.54. பாஸ். 5க்கு 5 குடிசையில் பொது 10, மொத்தம் 40, விடை 0.25. ஃபெயில். மாடல் இரண்டையும் ஒரே மாதிரிதான் பார்த்தது, ஆனால் கணக்கில் மாடி வீடு ஏறிவிட்டது, குடிசை விழுந்துவிட்டது. அதனால் எவ்வளவு பெரிய கட்டடத்தில் எவ்வளவு துல்லியம் என்று பிரித்துச் சொல்லச் சொல். 30 சதுர மீட்டருக்குக் கீழே உள்ளவற்றுக்குத் தனியாக எண் இல்லையென்றால், ஆற்றங்கரைக்கு அந்த மாடல் என்ன செய்யும் என்பது அவர்களுக்கே தெரியாது.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது: சோதனைக்கு வைத்த படத் துண்டுகள் எங்கிருந்து வந்தவை? பயிற்சிக்கு எடுத்த அதே படத்தின் பக்கத்துத் துண்டுகள் என்றால், வினாத்தாளை முந்தின நாள் பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதிய மாதிரி. வேறு ஊர், வேறு நாள் எடுத்த படத்தில் சோதித்தார்களா என்று பார்.

பட்டறைகளில் ஃபேர் இருந்தால் கட்டாயம் போ. 2010 ஹைட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு அமைப்பாக உருவான ஹியூமானிடேரியன் ஓபன்ஸ்ட்ரீட்மேப் டீம், அதாவது ஹாட், செய்த கருவி அது. உலகத்துக்கே ஒரு மாடல் என்று நிற்காமல், உன் பகுதியின் கூரைகளைக் காட்டி நீயே சின்னதாக ஒன்றைப் பழக்கிக்கொள்ளலாம். திறந்த வான்படங்களைச் சேர்த்து வைக்கும் ஓபன்ஏரியல்மேப் தளத்தில் ஏற்றிய ட்ரோன் படத்தை எடுத்து, சில கட்டங்களைக் குறித்து, அவற்றில் உள்ள கட்டடங்களுக்கு லேபிள், அதாவது மாடலுக்குக் காட்டும் மாதிரி வடிவம், வரைந்து, எவ்வளவு நெருங்கிப் பார்ப்பது என்ற ஜூம் அளவைத் தேர்ந்து ஓடவிட வேண்டியதுதான். கேட்கச் சுலபம், கோளாறு லேபிளில் வரும்.

குறித்த கட்டத்துக்குள் ஒரு வீட்டை வரையாமல் விட்டால் அது வெறுமே விடுபட்டதாகாது. "இந்தக் கூரை வெறும் தரை" என்று மாடலுக்குப் பாடம் நடத்தியதாகிவிடும். 20 கட்டம் அரைகுறையாக வரைவதைவிட 5 கட்டம் முழுசாக வரைவது மேல். அடுத்தது விலகல். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்கெனவே இருக்கும் வீடுகளை யாரோ மைக்ரோசாஃப்ட்டின் பிங் செயற்கைக்கோள் படத்தின்மேல் வரைந்திருப்பார்கள். உன் ட்ரோன் படத்தோடு அவை சில மீட்டர் ஒத்துப்போகாது. அப்படியே லேபிளாக எடுத்தால் பாதிக் கூரை, பாதித் தெரு என்று மாடல் கற்றுக்கொள்ளும். முதலில் நகர்த்திச் சரி செய். கட்டங்களும் ஒரே தெருவில் இருக்கக் கூடாது: நெருக்கமான தகரக் கூரை, ஓடு, கீற்று, மரத்தடி வீடு என்று கலந்து எடு. வீடே இல்லாத கட்டம் ஒன்றிரண்டும் வேண்டும். இல்லாவிட்டால் வைக்கோல்போர், லாரி, பாறை எல்லாம் வீடாகிவிடும்.

ஜூமில் பலர் தடுமாறுகிறார்கள். பூமத்திய ரேகைப் பக்கத்தில் ஜூம் 19இல் ஒரு பிக்சல் சுமார் 30 செ.மீ., 256 பிக்சல் துண்டு 76 மீட்டர் அகலம். 20இல் 15 செ.மீ., 38 மீட்டர். 21இல் 7.5 செ.மீ., 19 மீட்டர். நம் பக்கம் இது கொஞ்சம் குறையும். 5 மீட்டர் குடிசை 19இல் 17 பிக்சல்தான், 21இல் 67. அதற்காக எல்லாவற்றையும் 21இல் ஓட்டினால், 40 மீட்டர் நெல் கிடங்கு ஒரு துண்டுக்குள் அடங்காமல் மூன்று நான்காக உடைந்து வரும். குடிசைக்கு 20, 21, கிடங்குக்கும் பள்ளிக்கும் 19 என்று தனித்தனியாக ஓட்டிப் பார்க்கச் சொல்.

நெருக்கமான தகரக் கூரைகளை எந்த மாடலும் ஒட்டவைத்துவிடும். ஆறு வீடு ஒரே பாலிகானாக வரும். வீட்டை எண்ணி நான்கால் பெருக்கி மக்கள்தொகை சொல்கிறவர்கள் அங்கேதான் சறுக்குகிறார்கள். அந்த மாதிரி இடங்களில் எண்ணிக்கையைவிடக் கூரைப் பரப்பை வைத்துக் கணக்கிடுவது பரவாயில்லை.

கூகுள் ஏஐ வைத்து வரைந்து தரும் ஓபன் பில்டிங்ஸ் கட்டடத் தொகுப்பை எடுத்தால் போதாதா என்று கேட்டிருந்தாய். மூன்றாம் பதிப்பில் ஆப்பிரிக்கா, தெற்காசியா, தென்கிழக்காசியா, லத்தீன் அமெரிக்கா, கரீபியன் எல்லாம் சேர்த்து 180 கோடி கட்டடம். தொடங்க நல்ல சரக்கு. ஒவ்வொன்றோடும் 0.65இலிருந்து 1 வரை ஒரு நம்பிக்கை மதிப்பெண் வரும். எல்லா இடத்துக்கும் ஒரே மதிப்பில் வெட்டாதே. தகரக் கூரைப் பகுதியில் சரியாக இருக்கும் வெட்டு, கீற்றுக் கூரைப் பகுதியில் பாதி ஊரைத் துடைத்துவிடும். சின்னப் பகுதி ஒன்றில் 200 வடிவத்தைக் கண்ணால் பார்த்து, எங்கே வெட்டலாம் என்று முடிவு செய். எந்த வருடத்துப் படம் என்று கட்டடத்துக்குக் கட்டடம் தெரியாததும் ஒரு குறை. கரை உடைந்து இடம்பெயர்ந்த குடியிருப்பு பழைய இடத்திலேயே நிற்கும்.

அதை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் மொத்தமாகக் கொட்ட நினைக்காதே. உரிமத்தில் சிக்கல் இல்லை. சிசி பை 4.0, ஓடிபிஎல் என்ற இரண்டு திறந்த உரிமங்களிலும் தருகிறார்கள். (கூகுள் மேப்ஸ் சாட்டிலைட் படத்தைப் பார்த்து வரைவது வேறு விஷயம், அது கூடவே கூடாது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் மாநாட்டிலும் இருப்பார்கள்.) சிக்கல் நடைமுறையில். மொத்த இறக்குமதி என்றால் திட்டத்தை எழுதிப் போட்டு, உள்ளூர் வரைபடக்காரர்களிடம் பேசி, தனிக் கணக்கில் ஏற்ற வேண்டும். ஏற்கெனவே கையால் வரைந்த வீட்டின்மேல் இன்னொன்று விழக் கூடாது. ஏஐ வரைந்த வடிவங்களைக் காட்டிச் சேர்க்க விடும் ரேப்பிட் எடிட்டரில் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சேர்ப்பது மெதுவான வேலை, ஆனாலும் அதுதான் நிற்கிறது. கோணல் மூலையை க்யூ விசை தட்டிச் சதுரமாக்கு. உயரமான கட்டடம் படத்தில் சாய்ந்து தெரியும், கூரையை வரைந்துவிட்டு வடிவத்தை அடித்தளத்துக்கு இழுத்து வை.

வானத்திலிருந்து தெரியாதது எது என்பதற்கு தான்சானியாவின் டார் எஸ் ஸலாமில் 2015இல் தொடங்கிய ராமானி ஹுரியா என்ற வெள்ள வரைபட வேலையைப் பற்றி யாராவது பேசினால் உட்கார். அந்த ஊரின் ட்ரோன் படங்கள் பின்னால் ஆப்பிரிக்க நகரங்களுக்கான ஓபன் சிட்டீஸ் ஏஐ போட்டியிலும் பயிற்சித் தரவாகப் போயின, அது தனிக்கதை. உனக்கு வேண்டியது வடிகால் பகுதி. பல்கலைக்கழக மாணவர்களும் ஊர்க்காரர்களும் தெருத் தெருவாகப் போய் வடிகால்களைக் குறித்தார்கள். அகலம் எவ்வளவு, ஆழம் எவ்வளவு, கான்கிரீட்டா மண்ணா, குப்பை அடைத்திருக்கிறதா என்பதை டேப்போடு போய் அளந்தால்தான் உண்டு. அளவு மாறுகிற இடத்தில் எல்லாம் கோட்டை வெட்டிப் புதிதாக எழுத வேண்டும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் நீர்வழியைத் தண்ணீர் ஓடும் திசையிலேயே வரைவது விதி. ஒரு வாய்க்கால் திசை மாறிப் போனால் வெள்ள மாடலில் தண்ணீர் மேட்டுக்கு ஏறும். சாலைக்கடியில் போகும் சிறுபாலத்தைக் கல்வெர்ட் என்று தனித்துண்டாக்கி, சாலைக்குக் கீழே என்று காட்ட லேயர் மைனஸ் 1 கொடு. சாலையோடு புள்ளி ஒட்டக் கூடாது, ஒட்டினால் தண்ணீர் சாலையைக் குறுக்காகக் கடக்கிறது என்று பொருளாகிவிடும். வடிகால் கூட்டம் ஏதாவது நிரலில் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் மாலையில் ஒரு மேசையைப் பிடித்து நீயே கூட்டிவிடு, இந்த மாநாடுகளில் அது வழக்கம்தான்.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தின்போது முங்கிய தெருவை வரைபடத்தில் தொட்டு மக்களே குறித்தார்களே, நினைவிருக்கிறதா? தொட்டுக் குறிக்க அங்கே தெரு ஏற்கெனவே வரைந்து இருந்தது. தண்ணீர் வந்த பிறகு மாடல் பழக்க உட்கார்ந்தால் நேரமாகிவிடும்.

நிலையான வளர்ச்சிக் குறியீடுகள் பற்றிய அமர்வில் ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொள். 9.1.1 என்ற குறியீடு எல்லாப் பருவத்திலும் போகக்கூடிய சாலைக்கு 2 கி.மீ.க்குள் இருக்கும் கிராமப்புற மக்களின் விகிதம். 11.2.1இல் பேருந்து நிறுத்தம் 500 மீட்டர், ரயில் மாதிரிப் பெரிய போக்குவரத்து 1 கி.மீ. இதையெல்லாம் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்துக் கணக்கிட்டு "இரண்டு வருடத்தில் உயர்ந்திருக்கிறது" என்று வரைகோடு காட்டுவார்கள். உயர்ந்தது சாலையா, வரைந்தவர்களின் எண்ணிக்கையா? ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் ஹைகிட் நிறுவனம் செய்த ஓசம் கருவியில் ஒரு பகுதியின் திருத்த வரலாற்றை வருடவாரியாகப் பார்க்கலாம். ஒரே மாதத்தில் சாலை நீளம் செங்குத்தாக ஏறியிருந்தால் அது ஏதோ மேப்பத்தான், அதாவது பலர் கூடி உட்கார்ந்து வரைகிற கூட்டம், ரோடு ரோலர் அல்ல. இன்னொரு ஓட்டை: 2 கி.மீ. வட்டம் போடுகிறவர்கள் நடுவில் ஓடும் ஆற்றை மறந்துவிடுகிறார்கள். அக்கரையில் சாலை, இக்கரையில் வீடு, பாலம் 9 கி.மீ. தள்ளி. குறியீட்டில் அந்த வீடு "சாலை உள்ளது". மழைக்குத் தாங்குமா என்பதும் சாலையின் மேற்பரப்பு மண்ணா தாரா என்ற குறிப்பு (டேக்) இருந்தால்தான் தெரியும், பாதிச் சாலைக்கு அது காலியாகவே கிடக்கும்.

புறம்போக்குக் குடியிருப்பின் ட்ரோன் படத்தைத் திறந்த உரிமத்தில் போடுவது பற்றி அங்கே பேச்சு வந்தால் உன் பக்கத்துச் சங்கடத்தைச் சொல். 4 செ.மீ. படத்தில் கொடியில் காயும் துணிவரை தெரியும். வீட்டைக் காலி செய்யச் சொல்கிறவர்களுக்கும் அதே படம் கிடைக்கும். படம் எடுக்கும் முன் ஊர்க்கூட்டத்தில் கேட்டு எழுதி வாங்குவது, எல்லையைப் போடாமல் வடிகால் தரவை மட்டும் வெளியிடுவது என்று வழிகள் இருக்கின்றன. மற்றவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று விசாரித்து வா.

கிளம்பும் முன் மடிக்கணினியில் ஜாவாவோடு ஜோசம் (ஓபன்ஸ்ட்ரீட்மேப் திருத்த), க்யூஜிஐஎஸ் (வரைபடத் தரவை ஆராய) இரண்டையும் போட்டுக்கொள். அரங்க வைஃபையில் 300 பேர் ஒரே நேரத்தில் இறக்கினால் ஒன்றும் நகராது. ஒரு சதுர கி.மீ. ட்ரோன் படத்தை இடக்குறிப்பு சேர்ந்த ஜியோடிஃப் ஃபைலாகப் பென்டிரைவில் எடுத்துக்கொள். முன்பக்கம் 80, பக்கவாட்டில் 70 சதவீதம் மேற்படிந்து பறந்த படமாக இருக்கட்டும், குறைந்தால் தைக்கும்போது கூரை விளிம்பு அலையலையாக வரும். தரையில் இடத்தைத் துல்லியமாக அளந்து வைத்த கட்டுப்பாட்டுப் புள்ளி இல்லாமல் எடுத்த படம் என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிடு.

லேபிள் ஃபைலை ஜியோஜேசன் வடிவில், நீ போகும் முன் எனக்கு அனுப்பு, பார்த்துத் தருகிறேன். கட்டத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கும் வீடுகளையும் வரைந்திருக்கிறாயா என்று மட்டும் நீ ஒருமுறை பார்த்துவிடு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்