மூன்று நாள் சம்பளத்துக்கு ஒரு நாள் வியாபாரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செப்டம்பர் 16 மலேசியா தினத்தை ஒட்டி 2025 செப்டம்பர் 15ஐயும் பிரதமர் கூடுதல் விடுமுறையாக அறிவித்தது பற்றிய தங்கள் தலையங்கத்தில், "தொடர் விடுமுறையால் சிறு வணிகர்களின் கல்லா நிறையும்" என்று ஒரு வரி இருந்தது. யாருடைய கல்லா என்பதையும் எழுதியிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். பேரங்காடியின் கல்லா என்றால் சரிதான்.

சட்டம் தாங்கள் அறியாததல்ல. 1951 விடுமுறைச் சட்டத்தின் 8ஆவது பிரிவில் பிரதமர் அறிவிக்கும் நாள், வேலைவாய்ப்புச் சட்டம் சொல்லும் 11 சம்பள விடுமுறை நாள்களுக்கு மேல் வருவது. அன்று கடை திறந்தால், மாதச் சம்பளத்துக்குள் அடங்கிய அன்றைய கூலி போக இன்னும் இரண்டு நாள் கூலி தர வேண்டும். மாதம் 1,950 ரிங்கிட் வாங்குபவருக்கு 26ஆல் வகுத்தால் நாளுக்கு 75. ஆக, கூடுதலாக 150. மூன்று பேர் என்றால் 450. எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் ஆளுக்கு மணிக்கு 28.13 ரிங்கிட். உழைத்தவருக்குப் போகட்டும், அதில் எங்களுக்கு வயிற்றெரிச்சல் இல்லை. ஆனால் மளிகையில் 12 விழுக்காடு லாபம் நிற்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்த 450ஐ மட்டும் மீட்க 3,750 ரிங்கிட்டுக்குச் சரக்கு ஓட வேண்டும். வாடகையும் மின்கட்டணமும் இந்தக் கணக்கில் இல்லை. கட்டுப்பாட்டு விலையில் 2.50 ரிங்கிட்டுக்கு விற்கும் ஒரு கிலோ எண்ணெய்ப் பொட்டலத்தில் 12 விழுக்காட்டைக் கனவில்தான் பார்க்கலாம்.

கடையை மூடிவிட்டுப் போங்களேன் என்பீர்கள். அந்தச் செப்டம்பரில் 1, 5, 15, 16 என்று 16 நாளுக்குள் நான்கு விடுமுறை. தீபாவளிக்குச் சரக்கில் பணம் முடக்கும் நேரம் அது. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்பது ஐந்து பேருக்கும் குறைவாக வைத்திருக்கும் கடைகளுக்கு ஆகஸ்டு 1இல்தான் வந்து சேர்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாளிலும் விநியோக லாரி வராது. அந்த 15 திங்கள், 16 செவ்வாய் என்பதால் சனிக்கிழமை இறக்கிய சரக்கு புதன் காலை வரை தாங்க வேண்டும். தயிரையும் பாலையும் நான்கு நாளைக்குச் சேர்த்து வாங்கினால் சில்லர் என்னும் குளிர்பெட்டி கொள்ளாது. முட்ட அடைத்தால் உள்ளே குளிர்காற்று சுற்றாமல் கதவோரப் பால்தான் முதலில் திரியும். குறைத்து வாங்கினாலோ திங்கள் மாலையே தட்டு காலி, வாடிக்கையாளர் பக்கத்துப் பேரங்காடிக்குப் போய்விடுவார். துருவிய தேங்காயும் மல்லிகைச் சரமும் மறுநாளைக்கு ஆகாது. வங்கி முகப்பு மூடியிருப்பதால் 10 காசு, 20 காசு சில்லறைக்கும் திண்டாட்டம். பணம் போடும் இயந்திரம் நோட்டை விழுங்குமே தவிர சில்லறை கொடுக்காது.

எல்லாக் கடைக்கும் ஒரே நிலை என்றும் சொல்ல மாட்டேன். விடுமுறை என்றால் கிள்ளான் தெங்கு கிளானா சாலைத் துணிக்கடைகளில் கூட்டம் வரும். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அலுவலகக் கூட்டத்தை நம்பிச் சோறு வடிப்பவருக்கு அன்று அடுப்பு எரிந்ததே மிச்சம். இரண்டையும் ஒரே வரியில் அடைத்தது தங்கள் பேனாவின் பெருந்தன்மை.

2022இல் நவம்பர் 24 இரவு அறிவித்து 28ஆம் தேதி விடுமுறை விட்டார்கள். நடுவில் இருந்தது மூன்றே நாள், அதில் இரண்டு வார இறுதி. அப்போதும் தங்கள் ஏட்டில் வாழ்த்துச் செய்திதான் பார்த்தோம். முடிதிருத்தும் கடை, துணிக்கடை, நகைத்தொழில் மூன்றுக்கும் வெளிநாட்டு ஆள் எடுப்பதை 2009இல் நிறுத்தினார்கள். 2023இல் 7,500 பேரை எடுக்கலாம் என்று அறிவிப்பு வந்தபோது முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டீர்கள். அதன்பின் எத்தனை பேர் கடைக்கு வந்து சேர்ந்தார்கள் என்று ஒரு நிருபரையாவது அனுப்பிக் கேட்டதுண்டா? தீபாவளிச் சந்தையில் ஒரு மாதம் கூடாரம் போட்டுவிட்டுப் போகிறவர், வருடம் முழுவதும் உரிமக் கட்டணம் கட்டுகிறவரின் வாசலை மறைப்பதும் தங்களுக்கு வண்ணப்படம்தான்.

போகட்டும். எங்கள் வேண்டுகோள் நான்கு வரிச் செய்தி, அவ்வளவே. 8ஆவது பிரிவில் அறிவித்த நாளுக்குப் பதிலாக வேறொரு நாளைச் சம்பளத்துடன் விடுமுறையாகக் கொடுக்க முதலாளிக்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. வருடம் பிறக்கும் முன் கடைச் சுவரில் ஒட்டும் பட்டியலில், அந்த 11 நாளில் கட்டாயமான ஐந்து போக மீதி ஆறையும் தொழிலாளியின் சம்மதத்தோடு மாற்றிக்கொள்ளலாம். இது தெரியாமலே கூடுதல் கூலி கொடுத்தவரும், பயந்து கடையை மூடியவரும் உண்டு. அடுத்த முறை "மக்களுக்கு இன்ப அதிர்ச்சி" என்று தலைப்புப் போடும்போது, அதற்குக் கீழே இந்த விவரத்துக்கும் ஒரு சின்னப் பெட்டி ஒதுக்கிக் கொடுங்கள். விளம்பரக் கட்டணம் கேட்பதென்றால் ரசீதோடு அனுப்பவும்.

இப்படிக்கு,
சில்லறை வணிகர்,
கிள்ளான்.